கறுத்த துணியும் கருப்பு தொட்ட காதும்

அப்பு,

முடியாது. புதன்கிழமை போனில் அழுதுகொண்டே நீ கேட்டதற்கு என் பதில் இதுதான். அன்றைக்கே சொல்லிவிட்டுத்தான் போனை வைத்தேன். அதற்குப் பிறகு நீ கூப்பிட்டதை ஒரு தடவைகூட எடுக்கவில்லை. எடுத்தால் நீ மறுபடி அழுவாய், நானும் அழுவேன், கடைசியில் "சரிடா, உன் இஷ்டம்" என்று என் வாயிலிருந்து வந்துவிடும். பெற்றவள் வாயை நம்ப முடியாது, அதனால் எழுதுகிறேன். உனக்கு அனுப்புகிற கையோடு இதை நம் பங்காளிகள் வாட்ஸ்அப் குழுவிலும் போடப்போகிறேன். தினமும் விடியுமுன் பூப்படத்தோடு காலை வணக்கம் போடுகிறார்களே, அவர்கள் எல்லாரும் ஒரு நாளாவது உருப்படியாக ஒன்றைப் படிக்கட்டும்.

குழுவில் புதிதாக வாழ வந்த மருமக்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கும் விளங்க வேண்டும் என்பதால் உனக்குத் தெரிந்ததையே முதலில் சொல்லிவிடுகிறேன். நீ மரபணுவில் முதுகலை முடித்து, அதற்கு மேலும் ஆராய்ச்சி படிக்கிறாய். நாம் தின்கிற சோறும் பருப்பும் கறியும் உடம்புக்குள் படிப்படியாக உடைந்து எந்த வழியாக எங்கே போய்ச் சேர்கிறது, வழியில் ஒரு படி பழுதானால் என்ன ஆகும் என்று கம்ப்யூட்டரில் போட்டுப் பார்ப்பது உன் வேலை. அந்த வேலைக்கு நம் குடும்பத்தையே எடுத்துக்கொண்டாய். மரபணுவைப் பார்க்க என்று பதினான்கு பேர் உனக்கு எச்சில் கொடுத்தோம். அதனால் உன் பெரியப்பா மகள் கவிதாவுக்கு வந்த சம்பந்தம் கலைந்துபோனது என்று பெரியப்பா குதிக்கிறார். நீயும் பயந்துபோய், வருகிற திங்கட்கிழமை பேராசிரியரிடம் போய் நம் குடும்பத்தை அந்த ஆராய்ச்சியிலிருந்து மொத்தமாக எடுத்துவிடப் போவதாகச் சொல்கிறாய். எடுக்கக் கூடாது என்று சொல்லத்தான் இந்தக் கடிதம். ஏன் கூடாது என்று சொல்வதற்கு முன்னால் நான் செய்த தப்பைச் சொல்லியாக வேண்டும். அதைச் சொல்லாமல் உனக்குப் புத்தி சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை.

நீ பிறந்து இருபது நாள் இருக்கும். உன் அப்பாவின் பழைய வேட்டியைக் கிழித்துத்தான் உனக்கு இடுப்புத் துணி. காலையில் நீ நனைத்த துணியை மத்தியானம் துவைக்க எடுத்தால், மையைக் கொட்டியதுபோல வட்டம் வட்டமாகக் கறுத்திருக்கும். சோப்புப் போட்டுத் தேய்த்தேன். எம்புட்டுத் தேய்த்தேனோ அம்புட்டுக் கறுத்தது. சோப்புதான் சரியில்லை என்று முடிவுகட்டி, பச்சை உடம்புக்காரி என்றும் பார்க்காமல் வடமதுரை கடைவீதிக்குப் போய், மளிகைக்கடைக்காரர் முன்னால் அந்தத் துணியை விரித்துப் போட்டுச் சண்டை பிடித்தேன். "என்னய்யா சோப்பு விக்கிறீரு? பச்சப்பிள்ளை துணி கரித்துணியாப் போகுது!" அவர் பாவம், வேறு கட்டி கொடுத்தார். அதில் இன்னும் கறுத்தது. மறுபடி போனேன், மறுபடி மாற்றினார். மூன்றாவது தடவை என்னைத் தூரத்தில் பார்த்ததுமே கையெடுத்துக் கும்பிட்டுவிட்டார். "ஏத்தா, சோப்புல ஒண்ணுமில்ல. பிள்ளையக் கொண்டுபோயி ஒரு நல்ல டாக்டர்கிட்டக் காட்டு" என்றார். சோப்பின் காரம் பட்டால்தான் அந்தக் கறை கூடுதலாகக் கறுக்கும் என்று இருபது வருடம் கழித்து நீ சொன்னபோது, அந்த மனுசரை நினைத்து எனக்குச் சிரிப்பும் வந்தது, வெட்கமாகவும் இருந்தது.

அவர் சொன்னபடி திண்டுக்கல்லுக்கு உன்னைத் தூக்கிக்கொண்டு போனேன். பேகம்பூர்ப் பக்கம் குழந்தைகளைப் பார்க்கும் டாக்டரம்மா ஒருவர் இருந்தார். துணியைக் கையில் வாங்கி வெளிச்சத்தில் பார்த்தார். சொந்தத்தில் கல்யாணமா என்று கேட்டார். அத்தை மகனைத்தான் கட்டியிருக்கிறேன் என்றேன். "அடுத்த வாரம் பிள்ளையோட மூத்திரத்தைச் சுத்தமான பாட்டில்ல பிடிச்சுட்டு வாங்கம்மா, மதுரைக்கு அனுப்பிப் பாப்போம். பயப்படுற மாதிரி ஒண்ணும் இல்ல. ஆனா விட்டுறாதீங்க" என்றார். "வாரேன் டாக்டரம்மா" என்று சொல்லிவிட்டு வந்தவள்தான். இருபத்தைந்து வருடமாகப் போகவில்லை.

ஏன் போகவில்லை என்றால், வீட்டுக்கு வந்ததும் உன் பெரியம்மாவிடம் சொன்னேன். எனக்கு அவள் ஓரகத்தி மட்டும் இல்லை, கூடப் பிறக்காத அக்கா. அவளும் சொந்தத்திலிருந்து வந்தவள்தான். தன் தம்பி குழந்தையாக இருந்தபோது அவன் துணியில் இதே கறையைப் பார்த்திருக்கிறாள். என் வாயைப் பொத்தினாள். "வெளிய சொல்லாத. ஒண்ணும் செய்யாது, தானாப் போயிரும். துணிய வெயில்ல காயப்போடாத, கொல்லைக்குள்ள கொடி கட்டிப் போடு. ஆம்பளைக கண்ணுல படக்கூடாது. பட்டா, பிள்ளையப் பெத்தவ சுத்தமில்லன்னு உன்னையத்தான் சொல்லுவாக" என்றாள். அப்புறம் பார்த்தால், நம் பங்காளி வீடுகள் பலவற்றில் கொல்லைக்குள் ஒரு கொடி இருந்தது. எந்த வீட்டுக் கொடி எதற்கு என்று பெண்கள் எல்லாருக்கும் தெரியும். ஒருத்தியும் இன்னொருத்தியிடம் கேட்க மாட்டாள்.

இது பெண்கள் பக்கம். ஆண்கள் பக்கம் வேறு கதை. நம் ஆட்களுக்கு நாற்பது தாண்டினால் காது மடல் கறுக்கும். வெயிலில் கறுப்பது இல்லை, உள்ளேயிருந்து வருகிற நீலக் கறுப்பு. கருப்பு சாமி தொட்ட காது என்று அதற்குப் பெயர். மாசி மாதம் கருப்பு கோயிலில் பங்காளிகள் கூடுகிற மாசிக் கும்பிடில் பூசாரி தட்டோடு வந்தால், முதல் திருநீறு அந்தக் காதுக்குத்தான். உன் அப்பாவுக்கு முதன்முதலாக அந்தத் திருநீறு கிடைத்த வருடம் அவர் நடந்த நடையை நீ பார்த்திருக்க வேண்டும். பத்து வருடம் கழித்து அதே மனிதர் இடுப்பு வளைந்து, முட்டியை மடக்க முடியாமல் கம்பு ஊன்றினார். கேட்டால் "பூப்பறிச்ச முதுகு" என்பார்கள். மல்லிகைத் தோட்டத்தில் நாள் முழுக்கக் குனிந்து பறிப்பது பெண்கள்தானே, வெளியூரிலிருந்து வாழ வந்தவர்கள் முதுகு எல்லாம் நேராகத்தானே இருக்கிறது என்று ஒரு ஆண்பிள்ளைக்கும் தோன்றவில்லை. நம் வீட்டில் பிறந்த பெண்களுக்கும் காது கறுக்கும். அதற்குத் திருநீறு கிடையாது. கூந்தலை இழுத்துவிட்டு மறைத்துக்கொள்வார்கள், அவ்வளவுதான்.

ஒரே நோயின் ஆரம்பத்தைப் பெண்கள் கொல்லையில் ஒளித்தோம், முடிவை ஆண்கள் கோயிலில் கொண்டாடினார்கள். இரண்டு பேரும் உட்கார்ந்து ஒரு நாள் பேசியிருந்தால் போதும். பேசவில்லை.

அந்த வாயடைப்புக்கு முதலில் அடிவாங்கியது நீ. நாலாம் வகுப்பில் ஒரு நாள் கால்சட்டையில் கறையோடு வந்தாய். பையன்கள் "கரிச்சட்டி" என்று கூப்பிட்டார்களாம். அழுதுகொண்டு வந்த பிள்ளையை அணைக்காமல், கழுவத் தெரியாதா உனக்கு என்று கரண்டிக் காம்பால் தொடையில் அடித்தேன். பிறகு, யார் கேட்டாலும் மை கொட்டிருச்சுன்னு சொல்லு என்று பாடம் வேறு படித்துக் கொடுத்தேன். ஏன் கறுத்தது என்று தெரிந்தும் அடித்தேன். எனக்குக் கோபம் உன்மேல் இல்லை. அது உனக்கு எப்படித் தெரியும்? இப்போது சொல்கிறேன், என்னை மன்னித்துவிடு.

இரண்டாவது பாவம் அதைவிடப் பெரிது. முதுகலையில் நீ சேர்ந்த இரண்டாவது பருவம். அன்று காலை தோட்டத்தில் பூவை மூட்டை கட்டிக்கொண்டிருந்தேன். போன் செய்தாய். வழக்கமாக "சோத்துக்கு என்ன வெஞ்சனம்மா இன்னிக்கு?" என்று ஆரம்பிப்பவன் அன்றைக்குச் சுற்றிவளைக்காமல் கேட்டாய். "அம்மா, நான் கைப்பிள்ளையா இருக்கும்போது என் துணி கறுக்குமா?" "இல்லையே. யார்ரா சொன்னா உனக்கு?" என்றேன். "சும்மாதாம்மா. கிளாஸ்ல ஒரு நோயைப் பத்திச் சொன்னாங்க" என்று வைத்துவிட்டாய். முந்தின நாள் உன் வகுப்பில் அந்த நோயின் படத்தைக் காட்டியிருக்கிறார்கள். ஒரு படி பழுதானால் மூத்திரம் கறுக்கும், வயதானால் காது கறுக்கும், முதுகெலும்பு தேயும் என்று வரிசையாகச் சொல்லியிருக்கிறார்கள். நீ பெஞ்சில் உட்கார்ந்து உன் அப்பாவின் காதை நினைத்துக்கொண்டிருந்திருக்கிறாய். உன்னைப் பெற்றவளிடம் கேட்டால் தெரிந்துபோகும் என்று நம்பிக் கேட்டாய். நான் பொய் சொன்னேன்.

நீ என்னை நம்பாமல் விடுதியில் ஒரு பாட்டிலில் பிடித்து ஜன்னலோரம் வைத்தாயாம். மறுநாள் கறுத்திருந்ததாம். அதன் பிறகு ஒரு வருடம் வாயைத் திறக்கவில்லை நீ. தீபாவளிக்கு வந்து, உன் அப்பாவின் காதை நல்ல வெயிலில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, சமையலறைக்கு வந்து சொன்னாய்: "அம்மா, அன்னிக்கு நீ பொய் சொன்னது எனக்கு மறுநாளே தெரியும்." அப்புறம் ஏன்டா கேட்கவில்லை என்றேன். "நீயாச் சொல்லட்டும்னு இருந்தேன்" என்றாய். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

உன் அப்பாவிடம் நீ விளக்கிய விதம் இன்னும் என் கண்ணில் நிற்கிறது. சாமி படத்துக்குப் பக்கத்தில் நீ ஒட்டியிருந்தாயே, அம்புக்குறியாகப் போட்ட பெரிய தாள், அதை நான் பஸ் போகிற ரூட் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்; தின்ற சோறு உடம்புக்குள் உடைந்து போகிற வழியாம் அது. அவரைத் தோட்டத்துக்குக் கூட்டிப்போய் சொட்டுநீர்க் குழாயைக் காட்டினாய். ஒரு வால்வு பழுதாகி மூடிக்கொண்டால், அதற்கு முந்தின குழாயில் தண்ணீர் தேங்கி எங்கெல்லாமோ பீச்சியடிக்கும் இல்லையா, அதுபோல நமக்குப் பரம்பரையாக ஒரு வால்வு மூடிக்கிடக்கிறது, தேங்குகிற சரக்கு மூத்திரத்தில் போனது போக மிச்சம் காதிலும் எலும்பு மூட்டிலும் போய்க் கறுப்பாகப் படிகிறது என்றாய். பள்ளிக்கூடம் ஆறாவதோடு நின்ற மனிதர், கம்பால் குழாயைத் தொட்டுக் காட்டினார். "ஏன் அப்பு, மூடிக்கிட்ட வால்வுக்கு முன்னால இருக்கே இன்னொண்ணு, அதையும் லேசா மூடிவிட்டா இங்க தேங்காதுல்ல?" என்றார். நீ அவரைக் கட்டிப்பிடித்துக்கொண்டாய். அதற்கு மருந்தே இருக்கிறது, அது அதைத்தான் செய்கிறது என்றாய். ஆனால் அதையும் மூடினால் அதற்கு முந்தினதில் தேங்கும், அது கண்ணைக் கெடுக்கும் என்றாய். "அப்ப தண்ணியவே அளவா விடணும்" என்றார் அவர். எவ்வளவு மருந்து, எவ்வளவு பருப்பு, எவ்வளவு கறி, நம் சாப்பாடு சாப்பிடுகிற உடம்புக்கு எந்த அளவு சரி என்று கண்டுபிடிக்கத்தான் அந்த ஆராய்ச்சி. அதற்குத்தான் நம் எச்சில்.

அன்று சாயங்காலம் அவர் கேட்ட இன்னொரு கேள்வியையும் குழுவில் எல்லாரும் தெரிந்துகொள்ளட்டும். "அப்ப இது சாமி தந்தது இல்லையா அப்பு?" என்று குழந்தைபோலக் கேட்டார். நீ சொன்னாய்: "சாமி தந்ததா இல்லையான்னு என் படிப்புல இல்லப்பா. எப்படி வந்துச்சு, எப்படித் தடுக்கலாம்னு மட்டும்தான் இருக்கு." மூன்று நாள் அவர் தோட்டத்துப் பக்கமே போகவில்லை. நாலாவது நாள் காலையில் வந்து, "அந்த எச்சிக் குழாயக் கொண்டா" என்றார். பதினான்கு பேரில் முதல் எச்சில் அவருடையது. நீ சாமியைத் திட்டுகிறாய் என்று சொல்கிறவர்கள் இதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

சரி, உன் தப்புக்கு வருவோம். என்னை மட்டும் திட்டிக்கொண்டு உன்னை விட்டுவிடுவேன் என்று நினைத்தாயா? இம்புட்டுப் படித்தவனுக்கு, எச்சில் குழாயைத் தூக்கிக்கொண்டு மாசிக் கும்பிடுக்குப் போகக் கூடாது என்று தெரியவில்லையே! எல்லாரும் ஒரே இடத்தில் கிடைப்பார்கள் என்று கணக்குப் போட்டாய். கோயிலுக்குள் போகவில்லை, வெளியே புளியமரத்தடியில்தான் மேசை போட்டேன் என்கிறாய். அந்தப் புளியமரம் கோயில் எல்லைக்குள் என்று பொங்கல் வைக்க வந்த சின்னப் பிள்ளைகளுக்குக்கூடத் தெரியும். பெரியப்பா வந்து, "ஏலே! கருப்பு முன்னாடி எச்சி துப்பச் சொல்றியா? சாமி தொட்ட காத நோயிங்கிறியா?" என்று கத்தியது பாதி உன்னால் வந்தது. முதல் நாளே அவர் வீட்டுக்குப் போய், அவர் கொடுக்கிற காப்பியைக் குடித்து, செத்த நேரம் உட்கார்ந்து பேசியிருந்தால் அந்தச் சத்தத்தில் பாதி குறைந்திருக்கும். யாருடைய உடம்பைப் பற்றிக் கேட்கப் போகிறாயோ, அவர் வீட்டில் முதலில் உட்கார். பெண்களிடம் தனியாகக் கேள். இதை உன் பேராசிரியர் சொல்லிக்கொடுக்க மாட்டார்.

ஆனால் ஒன்று. நோய் நோய் என்று அன்றைக்கு ஊர் கேட்கக் கத்தியது அவர் தொண்டை. நீ ஆராய்ச்சிக்கு எழுதியதில் நம் பெயர் எங்கேயும் இல்லை. நான் வெறும் எண், உன் அப்பா வெறும் எண். ஒட்டன்சத்திரத்திலிருந்து கும்பிடுக்கு வந்திருந்த சொந்தம் அந்தச் சத்தத்தைக் கேட்டுவிட்டுப் போய், கவிதாவைப் பார்த்திருந்த மாப்பிள்ளை வீட்டில் சொல்லியிருக்கிறது. அவர்கள் போன் செய்தார்கள். "ஏனுங்க, தப்பா நெனைக்காதீங்க. பொண்ணு தங்கமான பொண்ணுங்க. ஆனா உங்க வம்சத்துல ஏதோ நோவு இருக்குன்னு கேள்விப்பட்டோமுங்க. வேண்டாங்க" என்றார்கள். பெரியப்பா உடைந்துபோனார். அவர் வேதனை எனக்கும் வேதனைதான். கவிதா என் கையில் வளர்ந்த பிள்ளை. ஆனால் உடைந்த மனிதர் என்ன செய்தார் தெரியுமா? வெளியில் போனால்தானே இந்தப் பேச்சு, ஆயக்குடியில் இருக்கிற தங்கச்சி மகனுக்கே கவிதாவைக் கொடுத்துவிடுகிறேன் என்று கிளம்பிவிட்டார். நீ படம் போட்டுக் காட்டினாயே, வெளியில் கொடுத்தால் பிறக்கிற பிள்ளைக்கு இது வர வாய்ப்பே குறைவு, சொந்தத்துக்குள் கொடுத்தால்தான் இரண்டு பக்கமும் பழுதான வால்வு ஒன்றுசேரும் என்று. தப்பிக்கிற வழியை அடைத்துவிட்டு, மாட்டிக்கொள்கிற வழியைத் திறக்கிறார்.

போன செவ்வாய்க்கிழமை நம் வீட்டுக்கு வந்து இரண்டு காரியம் கேட்டார். நீ குழுவில் "நான் சொன்னது எல்லாம் பொய்" என்று எழுத வேண்டும். நான் வெள்ளிக்கிழமை கோயிலுக்கு வந்து, என் பிள்ளை துணி கறுத்ததே இல்லை என்று சூடம் அணைத்துச் சத்தியம் செய்ய வேண்டும். "ஏத்தா, ஒரு சத்தியம். என் மகளுக்காக" என்றார். மறுநாள்தான் நீ போனில் அழுதாய். "அம்மா, நீ எனக்காகச் சூடத்துல கை வைக்க வேண்டாம். நான் எல்லாத்தையும் எடுத்துடுறேன். விட்டுருவோம்மா" என்றாய்.

எதைடா எடுப்பாய்? எச்சில் கொடுக்கும்போது ஒரு தாளை என்னிடம் வாசித்துக் காட்டினாயே, ஞாபகம் இருக்கிறதா? கொடுத்தவர் எப்போது வேண்டுமானாலும் தன்னுடையதைத் திரும்பப் பெறலாம், வேறு யாரும் அவருக்காகத் தீர்மானிக்க முடியாது என்று. கையெழுத்துப் போட்டது நான். அது என் எச்சில். அதை எடுக்க நீ யார்? உன் அப்பாவுடையதை எடுக்க நீ யார்? பெற்றவள் என்பதால் உன் உடம்பை உன்னைக் கேட்காமல் நான் ஒளித்தேன், அது தப்பு. பிள்ளை என்பதால் என் உடம்பை என்னைக் கேட்காமல் நீ ஒளிக்கப் பார்க்கிறாய். பாசத்தினால் செய்கிறாய், தெரிகிறது. நானும் பாசத்தினால்தான் செய்தேன். பாசத்தினால் செய்ததால்தான் உன் அப்பாவின் முதுகு என்னவென்று தெரியாமலே வளைந்தது.

வெள்ளிக்கிழமை காலையில் நானும் உன் அப்பாவும் கோயிலுக்குப் போனோம். பெரியப்பா, பெரியம்மா, பங்காளிகள் இருபது பேர் இருந்தார்கள். கவிதாவும் வந்து தூணோரம் நின்றாள். பூசாரி தட்டில் சூடத்தை ஏற்றி என் முன்னால் நீட்டினார். "சொல்லுத்தா" என்றார் பெரியப்பா. கருப்பைப் பார்த்துச் சத்தமாகச் சொன்னேன்: "என் மகன் துணி கறுத்துச்சு. பிறந்த இருபதாம் நாள்லேருந்து கறுத்துச்சு. நான்தான் துவைச்சேன். நான்தான் கொல்லைக்குள்ள காயப்போட்டேன். கேட்டவுகளுக்கெல்லாம் பொய் சொன்னேன். இது சத்தியம்." சொல்லிவிட்டு உள்ளங்கையை வைத்துச் சூடத்தை அணைத்தேன்.

பெரியப்பா முகம் வெளிறிப்போனது. "மச்சான், நீங்க கேட்ட சத்தியம் இதுதான்" என்றேன். "அடுத்த கும்பிடுக்கு உங்க வீட்டுப் பொங்கப் பானைக்கு இங்க இடம் கிடையாது" என்றார். பூசாரி வழக்கம்போல முதல் திருநீற்றோடு உன் அப்பாவின் காதுப் பக்கம் வந்தார். பெரியப்பா கையைக் குறுக்கே நீட்டித் தடுத்தார். உன் அப்பா ஒன்றும் சண்டை போடவில்லை. "எனக்கு வேண்டாம் பூசாரி. என் காதுல ஒண்ணும் பெருமை இல்ல" என்றார். ஐம்பத்தாறு வயதில் அந்த மனிதர் அதைச் சொன்னபோது, அத்தை மகனைக் கட்டியதற்கு முதன்முதலாக நான் கர்வப்பட்டேன்.

நாங்கள் திரும்பி நடந்தோம். "பூசாரி, இன்னொரு சூடம் ஏத்துங்க" என்று பின்னாலிருந்து ஒரு குரல். யார் என்று பார்த்தால் உன் பெரியம்மா. என் வாயைப் பொத்திய அதே அக்கா. பெரியப்பா "ஏ, நீ எங்கடி போற?" என்றார். அவள் நிற்கவில்லை. தட்டின் முன்னால் போய் நின்று, "என் தம்பி துணி கறுத்துச்சு. என் மக கவிதா துணியும் கறுத்துச்சு. அதைச் சொல்லாதன்னு இவளுக்குச் சொல்லிக்கொடுத்தது நான்தேன்" என்று சொல்லிக் கையை வைத்தாள். கவிதா தூணை விட்டு ஓடிவந்து தன் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். இருபத்து நான்கு வயதில் அந்தப் பெண்ணுக்கு அன்றைக்குத்தான் தன் உடம்பைப் பற்றித் தெரியும். "அப்பா, எனக்கு ஆயக்குடி வேண்டாம்" என்றாள்.

பெரியப்பா இன்னும் யாரோடும் பேசவில்லை. ஒட்டன்சத்திரம் சம்பந்தம் திரும்ப வரவில்லை, வருமா என்றும் தெரியாது. நமக்குக் கும்பிடு கிடையாது. இதையெல்லாம் உனக்கு மறைக்காமல் சொல்கிறேன், ஏனென்றால் மறைக்கிற காரியத்தை விட்டுவிட்டேன். பானை வைக்க இடம் இல்லை என்றால் வீட்டு வாசலில் வைப்பேன். கருப்பு நம் வீட்டு வழியாகவும் போகிற சாமிதான். உன் அப்பாவின் முதுகு இனி நிமிராது என்று எனக்குத் தெரியும். கவிதாவின் முதுகு இன்னும் நேராக இருக்கிறது. உன் முதுகும்தான். அவ்வளவு போதும் எனக்குச் சண்டை போட.

நேற்று காலை பெரியம்மாவும் கவிதாவும் தாங்களும் எச்சில் கொடுக்கிறோம் என்று வந்தார்கள். அவர்களுக்குப் பின்னால் மேலவீட்டுக்காரி, அவளுக்குப் பின்னால் அவள் நாத்தனார். இன்றைக்கு இன்னும் ஏழு பேர். எல்லாரும் வீட்டுக் கொல்லையில் கொடி கட்டியவர்கள்தான். நாளைக்கு உன் பேராசிரியர் அறைக்குப் போ. போய், எதையும் எடுக்க வரவில்லை, கூடுதலாகக் கேட்க வந்திருக்கிறேன் என்று சொல். பதினோரு குழாய் அனுப்பு. இந்தத் தடவை கோயிலுக்குக் கொண்டுவராதே, என் அடுப்படிக்கு அனுப்பு. எச்சில் கொடுப்பதற்கு அரை மணி நேரம் முன்னால் ஒன்றும் சாப்பிடக் கூடாது என்று சொன்னாயே, அதை நான் எல்லாருக்கும் இப்போதே சொல்லிவைத்துவிட்டேன்.

உன் அம்மா